தூணைத் தட்டிப் பார்த்தவர் சுவரைத் தொடவே இல்லை

போன மாதம் எங்கள் ஊர்ச் செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கக் காரைக்குடியிலிருந்து ஒரு தரகர் வந்திருந்தார். முகப்பில் ஏறியதும் நேராகப் போய்த் தூணை விரல் முட்டியால் தட்டினார். "பர்மாத் தேக்குதான்யா, உள்ளே பூச்சி விழல." அப்புறம் நடுமுற்றமான வளவுக்குள் போய்க் கதவு, நிலை, உத்தரம், அலமாரி என்று ஒவ்வொன்றாக எண்ணிப் போனில் படம் எடுத்துக்கொண்டார். சுவரை அவர் தொடவே இல்லை. கடைசியில் சொன்ன கணக்கு: மனைக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை. "கட்டடத்துக்கு ஒண்ணும் போட முடியாதுங்க, பழசு."

அந்தப் 'பழசு' ஒரு மாதமாக மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

செட்டிநாட்டு வீடு என்றதும் கானாடுகாத்தான் அரண்மனையையோ காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது சின்ன வீடு. முகப்பு, ஒரு வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்னால் கிணறு, அவ்வளவுதான். ஐயாவின் அப்பா ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் கட்டியது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததோடு அந்த வரும்படி நின்றது, வீடு மட்டும் நின்றது. இன்றைக்கு அதற்கு ஒன்பது பங்கு. ஒன்பது பேரும் ஒன்பது ஊரில் இருக்கிறோம், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கிறது.

நான் குடியிருப்பது சென்னையில், 1997-ல் கட்டிய ஒரு அடுக்குமாடியில். போன வருஷம் ஒரு நாள் காலையில் அடுப்படிக் கூரையிலிருந்து ஒரு பெரிய பூச்சுப் பாளம் பொத்தென்று கேஸ் அடுப்பின் மேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்திருந்தார். மேலே பார்த்தால் கம்பி துருப்பிடித்து, உரித்த பட்டை மாதிரி அடுக்கடுக்காக உப்பி நிற்கிறது. வந்து பார்த்த பொறியாளர் பொறுமையாக விளக்கினார். கான்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறதாம். காற்றில் உள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் போய்விடுகிறது, அதோடு ஈரமும் சேர்ந்தால் துரு பிடிக்கிறது, துரு பிடித்த இரும்புக்கு முன்னைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், இடம் இல்லாததால் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடித்துத் தள்ளிவிடுகிறது. எங்கள் கூரையில் கம்பிக்குக் கீழே விரல் கனம்கூடக் கான்கிரீட் இல்லை. ஈரம் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது. அவர்கள் குழாயை மாற்ற மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது ஊர் வீட்டுக்கு வருகிறேன். இரண்டாங்கட்டில் ஒரு இடத்தில் ஒழுகியது. ஊர்க் கொத்தனார் ஏணி போட்டு ஏறினார், உடைந்த நாட்டு ஓடு ஏழெட்டை உருவினார், கொல்லையில் அடுக்கி வைத்திருந்த பழைய ஓட்டில் நல்லதாகப் பார்த்துச் செருகினார், ஒரு சட்டம் இற்றுப்போயிருந்ததால் அதை மட்டும் மாற்றினார். மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிட்டார். வீட்டின் வேறு எந்த உறுப்புக்கும் அதனால் தொந்தரவு இல்லை. ஓடு கெட்டால் ஓடு, கட்டை கெட்டால் கட்டை. நான் மதிப்பு என்று சொல்வது இதைத்தான். கெட்டதை மட்டும் கழற்றி மாற்ற முடிகிற வீடு ஒன்று, ஒரு இடத்தில் கெட்டால் மொத்தத்தையும் சந்தேகப்பட வேண்டிய வீடு இன்னொன்று.

அதற்காகப் பழைய வீட்டில் வாழ்க்கை சொர்க்கம் என்று எழுத மாட்டேன். அப்பத்தா விடிவதற்கு முன்னால் எழுந்து முகப்பிலிருந்து கொல்லை வரை கூட்டி முடிக்க வெயில் ஏறிவிடும். கழிப்பறை கொல்லைக் கோடியில், மழை நாளில் நனைந்துகொண்டுதான் போக வேண்டும். நிலைப்படிகள் ஒவ்வொன்றும் உயரம், மூட்டு ஆபரேஷன் ஆன அம்மா இப்போது அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தனியாக இருக்க முடியாது. லிஃப்ட் உள்ள, குளியலறை படுக்கையறையோடு ஒட்டிய பிளாட்டில்தான் அவருக்கு நிம்மதி. புது வீடுகள் பெண்களின் இடுப்பை எவ்வளவு காப்பாற்றியிருக்கின்றன என்பதை எங்கள் வீட்டு ஆச்சிமாரைக் கேட்டால் சொல்வார்கள். வசதியில் புதுசுதான் மேல், அதில் எனக்கு வாதமே இல்லை.

என் வாதம் விலை போடும் முறையைப் பற்றியது. என் பிளாட்டுக்கும் வேறொரு தரகரைக் கேட்டேன். அவரும் அதே பேச்சுத்தான்: "கட்டடத்தை விடுங்க சார், உங்க யுடிஎஸ் எவ்வளவு?" அதாவது நிலத்தில் என் பிரிக்கப்படாத பங்கு. முப்பது வருஷம்கூட ஆகாத கட்டடத்துக்கு மதிப்பு பூஜ்யம். தமிழ்நாட்டில் 2022-ல் கொண்டுவந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம், எங்கள் குடியிருப்பில் அந்தப் பேச்சும் தொடங்கிவிட்டது. இடித்தால் என்ன மிஞ்சும்? கம்பி பழைய இரும்புக்கடைக்கு, மீதி லாரி லாரியாகக் குப்பை மேட்டுக்கு. ஊர் வீட்டைப் பிரித்தால் தூண், கதவு, சன்னல், ஓடு, செங்கல் எல்லாம் இன்னொரு வீட்டுக்குப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், யார் வீட்டு நிலைக்கதவோ கஜலட்சுமியோடு சாய்த்து வைத்திருப்பார்கள். அந்தக் கடைகளைத் தாண்டிப் போகும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். துண்டு துண்டாக அத்தனைக்கும் விலை உண்டு, சேர்ந்து நின்றால் விலை இல்லை என்றால் அது என்ன சந்தை?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, கலர் சிமென்ட்டை ஊற்றி, ஒவ்வொரு கல்லாகக் கையால் செய்கிறார்கள். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் புது வீடு கட்டுகிறவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். அந்தக் கல் பதித்துப் பல தலைமுறை நடந்து வழவழப்பான தரை மட்டும் 'பழசு'.

சட்டமும் கொள்கையும் மாறினால் இது மாறும். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை 1989-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். முகப்பு, கூரை போன்ற பழைய அமைப்பை மாற்றாதே, உள்ளே வசதி செய்துகொள் என்றார்கள். இன்று அங்கே கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளை வாங்குவது சாதாரண ஆட்களுக்குக் கனவு. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன, ஆனால் ஓடு மாற்றவோ சுண்ணாம்பு பூசவோ வீட்டுக்காரன் கையிலிருந்துதான் போடுகிறான். பிரித்து விற்றால் உடனே காசு, காப்பாற்றினால் செலவு. ஒன்பது பங்காளியில் நாலு பேர் விற்கலாம் என்பதை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் பிள்ளைகளுக்கும் படிப்புச் செலவு இருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. பழைய வீடுகளைக் கெடுப்பதில் பாதி நம் கைவேலை. எங்கள் மேலண்டைச் சுவரில் அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்தது என்று பத்து வருஷத்துக்கு முன் சித்தப்பா நல்ல எண்ணத்தில் சிமென்ட் பூசினார். செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தை வாங்கும், வெயில் பட்டதும் விட்டுவிடும். சிமென்ட் அதை விடாது. இரண்டு மழைக்காலத்தில் பூச்சுக்குப் பின்னால் உப்பு பொரிந்து, போன மாதம் நான் தட்டினபோது ஒரு தகடு அப்படியே கையோடு வந்தது. உள்ளே செங்கல்லை நகத்தால் கீறினால் மாவாகக் கொட்டுகிறது. அதே சுவரில் சிமென்ட் படாத மேல்பகுதி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துத் தேய்த்த பழைய பூச்சு, இன்னும் முகம் தெரிகிற மாதிரி மின்னுகிறது. தொட்டால் மே மாதத்திலும் குளுமை. தரகர் தொடாத சுவர் அதுதான்.

தை மாதம் பங்காளிகள் எல்லோரும் ஊரில் கூடுகிறோம். பிரித்து விற்பதற்கு நான் கையெழுத்துப் போடப் போவதில்லை, அதை அண்ணன்மாரிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது பேரும் மாதம் ஒரு தொகை போடுவது, கொல்லைப்பக்கம் நல்ல கழிப்பறையும் முகப்பில் சாய்வுப் பாதையும் கட்டுவது, இரண்டு அறையை வாடகைக்கு விடுவது என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், அதைத்தான் அங்கே வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் மேலண்டைச் சுவரின் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள். அந்த வேலை தெரிந்த கொத்தனார் தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வயதானவராக இருந்தாலும் சரி, கூட நின்று சொல்லிக்கொடுத்தால் போதும், கலவை அரைக்க ஆள் நான் பார்த்துக்கொள்கிறேன்.