ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எர்த்சீ நாவலைக் கொடுக்கலாமா?

எங்கள் குடியிருப்பில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். சென்ற மாதம் அதில், தீவுகளால் ஆன எர்த்சீ என்ற கற்பனை உலகை வைத்து அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் எழுதிய நூல் வரிசையில் முதலாவதான ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலைப் படிக்கலாம் என்று நான் சொன்னபோது இரண்டு பெற்றோர் தயங்கினார்கள். செத்தவர்களின் ஆவியை வரவழைக்கும் காட்சி அதில் இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், பிள்ளைகள் இரவில் பயந்து எழுவார்கள் என்றும் ஒருவர் சொன்னார். எத்தனை வயதுக்கான நூல் என்று அட்டையில் எதுவும் போடவில்லையே, பிறகு யார் பொறுப்பேற்பது என்று மற்றவர் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவர்கள் இருவருமே நூலைப் படித்திருக்கவில்லை. நானும் இருபது ஆண்டுகளுக்கு முன் படித்ததோடு சரி. அதனால் இன்னொரு முறை முழுவதுமாகப் படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் வயதுக் குறிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968இல் வெளிவந்த இந்த நாவலே, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் வேண்டும் என்று பார்னாசஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் கேட்டதற்கிணங்க எழுதப்பட்டதுதான். எனவே, பெரியவர்களின் அலமாரியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த நூல் அல்ல இது. அமெரிக்கப் பள்ளிகளில் லெக்சைல் என்று ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். வாக்கியங்கள் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு அரியவை என்பதைத்தான் அது கணக்கிடுகிறது. கதைக்குள் என்ன நடக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. எளிய சொற்களிலும் சின்னச் சின்ன வாக்கியங்களிலும் எவ்வளவு கொடூரத்தையும் எழுதிவிட முடியும் என்பதால், ஒரு நூல் பிள்ளைக்குப் புரியுமா என்பதும் பொருந்துமா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பது என் கருத்து.

இனி அந்த ஆவிக் காட்சிக்கு வருகிறேன். ரோக் தீவில் மந்திரம் பயிலும் கெட் என்ற மாணவன், தன்னைச் சீண்டிக்கொண்டே இருக்கும் சக மாணவன் ஜாஸ்பரிடம் தன் வல்லமையைக் காட்டுவதற்காக, என்றோ இறந்துபோன எல்ஃபாரன் என்ற பேரழகியை வரவழைக்கிறான். அவள் உருவம் ஒரு கணம் தெரிகிறது. அவளோடு பிளந்துகொண்ட வெளியின் வழியாக ஒரு நிழல் உள்ளே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பயங்கரமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிளவை மூடுவதற்குத் தலைமை மந்திரவாதியான முதியவர் நெமர்ல் தம் வலிமை முழுவதையும் செலவிட்டு உயிரை விடுகிறார். கெட் பல மாதங்கள் படுக்கையில் கிடக்கிறான். முகத்தில் வடு நிலைத்துவிடுகிறது, பேச்சு திக்குகிறது, எளிய மந்திரத்தைக் கூட அஞ்சி அஞ்சியே செய்கிறான். மீதி நாவல் முழுவதும் அந்த ஒரு வீம்பின் விலையைத்தான் அவன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். யாரும் அவனுக்கு அறிவுரை சொல்லிக் களைப்பதில்லை. வகுப்பில் ஒருவன் ஏளனம் செய்தான் என்பதற்காகச் செய்யக்கூடாததைச் செய்துவிட்டு உள்ளுக்குள் நடுங்கும் அனுபவம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புதிதா என்ன?

ஆவி என்றதும் பதறும் நாம் எப்படி வளர்ந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனைச் சோற்றுக் கவளத்தோடு சேர்த்து ஊட்டியவர்கள் நம் பாட்டிமார். பெற்ற பிள்ளைகள் ஏழு பேரையும் நல்லதங்காள் கிணற்றில் வீசிய கதையை எனக்கு ஆறு வயதில் சொன்னார்கள். வேதாளத்துக்காக நான் ஒரு நாளும் தூக்கம் இழந்ததில்லை. நல்லதங்காள் கதையைக் கேட்ட பிறகு பல நாள் கிணற்றடிக்கே போகவில்லை. வேதாளக் கதையில் கேள்வி உண்டு, விடை உண்டு, விடை சொன்னதும் வேதாளம் மரமேறிவிடும். பசிக்கும் கொடுமைக்கும் ஆளான தாயின் செயலுக்கு அந்த வயதில் என்னிடம் எந்த விடையும் இல்லை. ஒரு நூலில் பயம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்தப் பயத்தைப் பிள்ளை தன் அறிவால் எட்டிப் பிடித்துக் கடந்து வர முடியுமா என்று பார்ப்பதே சரி என்று நான் நினைப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். எர்த்சீயின் முதல் நூலில் அப்படிக் கடந்து வர முடிகிறது. ஓடி ஒளிந்த கெட் திரும்பி நின்று நிழலைத் துரத்துகிறான். கடைசியில் அதைத் தன் பெயராலேயே அழைக்கிறான்.

உண்மையில் எனக்கு நெருடியது வேறோர் இடம். ‘பெண்களின் மந்திரம் போல் பலவீனம், பெண்களின் மந்திரம் போல் பொல்லாதது’ என்று கெட்டின் சொந்த ஊரான கான்ட் தீவில் வழங்கும் சொலவடை ஒன்று தொடக்கத்திலேயே வருகிறது. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. கதை அதைக் கேள்வி கேட்பதும் இல்லை. ஆவிக்காகப் பதறிய பெற்றோர் இதைக் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். இதற்காக நூலை ஒதுக்கவில்லை; அந்தப் பக்கத்தில் நிறுத்திப் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகளோ நான் வாயைத் திறக்கும் முன்பே, “அப்போ அந்தச் சூனியக்காரக் கிழவிதானே சித்தி அவனுக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டாள். கெட்டின் முதல் ஆசிரியை அவனுடைய பெரியம்மாதான் என்பது எனக்குப் படிக்கும்போது உறைக்கவே இல்லை.

முதல் நூல் பொருந்துகிறது என்பதால் வரிசை முழுவதும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. பெற்றோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரண்டாவது நூலில் தெனார் என்ற இளம் பூசாரி, மூன்று கைதிகளை இருட்டறையில் பசியாலும் தாகத்தாலும் சாக விடும்படி ஆணையிடுகிறாள். கொடுமையான பகுதி, ஆனால் அதன் பிறகு அவள் நோயுற்று, கனவில் அவர்களைக் கண்டு தவிப்பதை ஆசிரியர் விரிவாக எழுதியிருப்பதால், எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கலாம் என்பேன். 1990இல் வந்த நான்காவது நூலான ‘தெஹானு’வின் நிலை வேறு. சொந்த மனிதர்களாலேயே வன்கொடுமைக்கு ஆளாகி, தீயில் தள்ளப்பட்டு, பாதி முகம் கருகிப்போன ஒரு சிறுமியைச் சுற்றியே அக்கதை நகர்கிறது. நடுவயது தாண்டிய ஒரு கைம்பெண்ணின் அன்றாட வேலைகளும் அச்சங்களும் வழியாக அது சொல்லப்படுகிறது. என் கணக்கில் வரிசையிலேயே சிறந்த நூல் அதுதான். முதல் நூலின் அந்தச் சொலவடைக்கு ஆசிரியர் தாமே எழுதிய பதிலும் அதுதான். ஆயினும் பன்னிரண்டு வயதில் அதைப் படிக்கும் பிள்ளைக்குக் கருகிய முகம் மட்டுமே நினைவில் நிற்கும். எல்லா நூல்களையும் ஒன்றாகச் சேர்த்த பெரிய படப் பதிப்பு 2018இல் வந்திருக்கிறது. பரிசளிக்க அழகானது என்று அதை வாங்கும் பெரியவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. உரையாடல் குறைவு; தீவுகளின் பெயர்கள் அடுக்கடுக்காக வரும்; ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை பத்துப் பக்கத்தில் மூடிவைத்துவிடும். நாங்கள் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வாய்விட்டு வாசித்து, இடையிடையே தமிழில் பேசிக்கொள்கிறோம். தயங்கிய பெற்றோரில் ஒருவர் இப்போது பின்வரிசையில் வந்து அமர்ந்து கேட்கிறார். மற்றவர் தம் மகனை அனுப்பவில்லை. அது அவர் உரிமை, நான் வற்புறுத்தவும் இல்லை.

‘தெஹானு’ என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை அக்காள் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் தருவதாகப் பேச்சு. ஒன்பதாம் வகுப்பிலேயே தர வேண்டும் என்று அவள் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.