காந்திமதியும் கால் கிலோ அல்வாவும்

(கல்லிடைக்குறிச்சி. பேச்சியம்மாள் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து அப்பளம் தேய்க்கிறாள். முற்றத்தில் விரித்த வெள்ளை வேட்டியில் தேய்த்த அப்பளங்கள் காய்கின்றன. கக்கத்தில் நோட்டை இடுக்கிக்கொண்டு மைக் செட் சுடலைமுத்து வருகிறான்.)

சுடலை: ஆச்சி, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பணம் பிரிக்க வந்திருக்கேன்.

ஆச்சி: வேட்டிய மிதிக்காம வால. வரி போன வாரமே குடுத்தாச்சே.

சுடலை: அது தலக்கட்டு வரி. இது வேற. வெள்ளிக்கிழமை ராத்திரி நாயனக் கச்சேரி இருக்குல்லா, இந்த வருசம் லோக்கல் கேபிள்ல நேரடியா காட்டுதாங்க. தொகுத்து வழங்க மெட்ராஸ்லேருந்து டிவி நடிகரு வாறாரு.

ஆச்சி: எந்த நடிகரு?

சுடலை: ராத்திரி சீரியல்ல ரெண்டு பொண்டாட்டிக்காரரா வருவாருல்லா, அவருதான்.

ஆச்சி: அந்த மூதியா? ரெண்டு வீட்டுக்கும் பதில் சொல்லத் தெரியாம முழிச்சிட்டுத் திரியுதான். அவனுக்குக் கச்சேரில என்னல சோலி?

சுடலை: வணக்கம் சொல்லுவாரு. வித்வான அறிமுகம் பண்ணுவாரு. நடுநடுவுல பேட்டி எடுப்பாரு.

ஆச்சி: நாயனத்த வாயில வச்சிருக்கவன்ட்ட என்னல பேட்டி?

சுடலை: எடுத்துட்டுப் பேசுவாரு.

ஆச்சி: அதுக்குள்ள நாயனத்துல வாய் வச்சு ஊதுத சீவாளி காஞ்சி போவும். பொறவு அவன் திரும்ப ஈரம் பண்ணி, சுருதி பாத்து, ராகத்த விட்ட எடத்துலேருந்து தேடணும். நம்ம வில்லுப்பாட்டுக்காரி இருக்கா. அவ கதைய அவளே சொல்லிக்கிடுதா. எவனாவது முன்னால நின்னு, 'இப்ப அக்கா வில்லடிக்கப் போறாங்க'ன்னு சொல்லுதானா?

சுடலை: காலம் மாறிப்போச்சு ஆச்சி. மார்கழில மெட்ராஸ்ல பாக்கீயல்லா, சபாக் கச்சேரிய டிவில போட்டா முன்னால ஒரு நடிகை வந்து நிக்கத்தான் செய்யுதா.

ஆச்சி: பாத்தேனே, நல்லாப் பாத்தேன். போன மார்கழில ஒரு பிள்ள ஹேமவதி ராகத்த எடுத்து கால் மணிக்கூறு ஆலாபனை பண்ணுனா. கண்ண மூடிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். முடிச்ச ஒடனே பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு ஒருத்தி உள்ள வந்தா. 'வாவ், ரொம்ப டச்சிங்கா இருந்துச்சு, இந்த வரியெல்லாம் எழுதுனது யாரு?'ங்கா.

சுடலை: எழுதுனவரு பேரக் கேட்டது மரியாதைதான?

ஆச்சி: ஆலாபனைல ஏதுல வரி? அந்தப் பாடுத பிள்ள என்ன செய்வா? பல்லக் கடிச்சிட்டு சிரிக்கா.

சுடலை: சரி, தெரியாம கேட்டிருப்பா.

ஆச்சி: இன்னும் கேளு. அதே ராகத்துல நம்ம திருநெல்வேலி காந்திமதி அம்மன் மேல முத்துசுவாமி தீட்சிதர் பாடுனதப் பாடப் போறேன்னா. குழவிய கீழ வச்சிட்டேன். திருவாரூர்ல பொறந்த மனுசன், கோயில் கோயிலா அலைஞ்சு பாடி, கடைசில நம்ம பக்கம் எட்டயபுரத்துல வந்து 1835-ல கண்ண மூடுனவரு. நம்ம அம்மனுக்குன்னு ஒரு பாட்டு வச்சிட்டுப் போயிருக்காரு. அந்த நடிகை என்ன சொன்னாங்க? 'ஓ, திருநெல்வேலியா! அல்வா!'

சுடலை: (எச்சிலை விழுங்கிக்கொண்டு) தப்பாச் சொல்லலியே ஆச்சி.

ஆச்சி: அல்வா சாயங்காலம் சூடா வாங்கணுமா, மறுநா வாங்கணுமான்னு பாடுதவட்ட கேக்கா. அந்தப் பிள்ள மயிலாப்பூர்ல பொறந்து வளந்தவ, அவளுக்கு என்ன தெரியும்? அஞ்சு நிமிசம் அல்வா. அது முடிஞ்சதும் நெய் விளம்பரம். திரும்பி வந்தா சரணம் ஓடிக்கிட்டு இருக்கு.

சுடலை: பல்லவி?

ஆச்சி: நெய்யில போச்சு.

சுடலை: தனி ஆவர்த்தனமாவது முழுசா காட்டுனாங்களா?

ஆச்சி: காட்டுனாங்க, அவ ஜிமிக்கிய. மிருதங்கக்காரரு வெரல் தோல்ல எப்படி விழுதுன்னு பாக்க ஆசப்பட்டு கண்ணாடியத் தொடச்சுப் போட்டேன். கேமரா இவ பக்கமே நிக்கு. இவ தொடையில தாளம் போடுதா. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணணும்லா, இவ எத்தன எண்ணுனான்னு அந்த ஆதிசிவனுக்குத்தான் வெளிச்சம்.

சுடலை: கடம் வாசிக்கவர்ட்ட ஒண்ணு கேட்டாளே, அத நானும் பாத்தேன். 'இது ஒடஞ்சா என்ன செய்வீங்க'ன்னு.

ஆச்சி: (கொஞ்சம் யோசித்து) அது நல்ல கேள்விதான். எனக்கும் ரொம்ப நாளா அந்த சந்தேகம் உண்டு.

சுடலை: அவரு என்ன சொன்னாரு?

ஆச்சி: எங்க சொல்ல விட்டா? மானாமதுரைல செய்யுத கடம்னு ஆரம்பிச்சாரு. 'சூப்பர் சார்'னுட்டு வயலின்காரர்ட்ட போயிட்டா.

(இங்கே எழுதுகிறவனும் ஆச்சி கட்சிதான். கேட்டது கேட்டார், பதிலையும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.)

ஆச்சி: 1963-ல திருநெல்வேலில வானொலி நிலையம் வந்துச்சு. நான் பாவாட கட்டுத பிள்ள. அதுல அறிவிப்பாளரு வருவாரு. பாடுதது யாரு, வயலின் யாரு, மிருதங்கம் யாரு, ராகம், தாளம், இயற்றுனவரு. அம்புட்டுதான், அவரு சோலி முடிஞ்சு. அவரு கறுப்பா செவப்பான்னு தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. ராகம் தெரியும். மாவு இடிச்சிக்கிட்டே தோடிய வேற, பைரவிய வேறன்னு படிச்சவ நான்.

சுடலை: இப்ப ரிமோட்டு ஒவ்வொருத்தன் கையிலயும் இருக்கு. தெரிஞ்ச மூஞ்சி இல்லன்னா மாத்திட்டுப் போயிருவான். ஏன், நம்ம நாயனக்காரரு காருகுறிச்சி அருணாசலமே சினிமாவாலதான பட்டிதொட்டியெல்லாம் தெரிஞ்சாரு?

(ஆச்சி கையிலிருந்த உருண்டையைப் பலகையில் ஓங்கி வைக்கிறாள்.)

ஆச்சி: நாயனச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளட்ட படிச்சவருல அவரு. சினிமாவுக்கு முன்னாலயே அவருக்குப் பேரு உண்டு. சரி, நீ சொன்ன சினிமாவுக்கே வாறேன். 1962, கொஞ்சும் சலங்கை. ஜானகி பாட, அருணாசலம் வாசிக்க. படத்துல நாயனத்தப் பிடிச்சிக்கிட்டு இருந்தது யாருல?

சுடலை: ஜெமினி கணேசன்.

ஆச்சி: பிரபலமா, இல்லியா?

சுடலை: என்ன ஆச்சி, ஜெமினியப் போயி!

ஆச்சி: அம்புட்டுப் பெரிய நடிகரு, நாயனம் ஒலிக்கையில நடுவுல வாயத் தொறந்து 'வாவ்'னாரா? சீவாளிய வாயில வச்சு, கன்னத்த உப்பிக்கிட்டு சும்மா இருந்தாரு. சத்தம் பூரா அருணாசலத்துது. நடிகன்னா அப்படி ஒத்தாசையா இருக்கணும். ஒன் சீரியல்காரன் வாயிலயும் ஒரு சீவாளிய வச்சு உக்கார வையி, முழுச் செலவும் நான் தாறேன்.

சுடலை: முழுச் செலவு எவ்வளவுன்னு தெரியாம பேசாதிய. அவருக்கு 40,000. ஏசி டிக்கெட்டும் அம்பைல லாட்ஜும் தனி.

ஆச்சி: நாயனத்துக்கு?

சுடலை: (நோட்டைப் புரட்டுவதுபோல்) ரெண்டு நாயனம், ரெண்டு தவிலு, சுருதிப் பெட்டி, தாளம் எல்லாஞ் சேத்து... 25,000.

ஆச்சி: வாசிக்கவனுக்கு 25. வாசிக்கப் போறான்னு சொல்லுதவனுக்கு 40.

சுடலை: நான் என்ன செய்ய ஆச்சி? இளவட்டப் பயலுவ நாயனத்த எடுத்துட்டு டிஜே வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னானுவ. இவரு வாறாருன்ன பொறவுதான் அடங்குனானுவ. கேபிள்காரன் வந்ததும் இவராலதான், நகைக்கடை விளம்பரம் குடுத்ததும் இவராலதான். இவரு இல்லன்னா அன்னைக்கு நாயனமே கெடையாது.

(ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அப்பளத்தைத் தேய்த்து, தேய்த்து, அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிசாக்குகிறாள். பிறகு இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்க்கிறாள்.)

ஆச்சி: 500 எழுதிக்கோ. காருகுறிச்சிக்காரர நெனச்சுத் தாறேன், சீரியல்காரனுக்கு இல்ல. அன்னைக்கு மைக்கெல்லாம் ஒங் கையிலதான?

சுடலை: எல்லாம் நம்ம மிக்சர்லதான். நான் தூக்குனாத்தான் சத்தம்.

ஆச்சி: அப்ப சரி. ஒரு வணக்கம், வித்வான் பேரு, ராகத்துப் பேரு. அதுக்கு மேல அவன் வாயத் தொறந்தா மைக்க அணைச்சிரு.

சுடலை: ஏன் கேக்கலன்னு கேட்டா?

ஆச்சி: கரண்டு போச்சுன்னு சொல்லு.

சுடலை: கரண்டு போச்சுன்னு சொல்லிட்டா, பொறவு கச்சேரி எப்படி நடக்கும்?

ஆச்சி: நாயனத்துக்கு எதுக்குல கரண்டு? ஊதுனா ஆத்துக்கு அக்கர வர கேக்கும்.

சுடலை: (எழுதுவதை நிறுத்திவிட்டு) அப்ப எம் மைக் செட்டுக்கு எதுக்கு ஆச்சி வாடக?

ஆச்சி: அதத்தான் நாளைக்கு கமிட்டில கேக்கணும்னு இருக்கேன்.