விற்காமல் போன நேரங்களில் பிறந்த நாடகங்கள்

அமெரிக்க வானொலி நாடகங்களின் பொற்காலம் என்று 1930களின் தொடக்கத்திலிருந்து 1962 வரையிலான ஆண்டுகளைச் சொல்வது வழக்கம். அக்கால நாடகங்களைத் தேடிக் கேட்பது எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால், எதிலிருந்து தொடங்கலாம் என்று நண்பர்கள் சிலர் அவ்வப்போது கேட்பதுண்டு. அவர்களுக்காக எனக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை விளம்பரதாரர் எவரும் வாங்க முன்வராத நேரங்களில், நிலையம் தன் சொந்தச் செலவில் ஒலிபரப்பியவை. சோப்பு நிறுவனங்களும் சிகரெட் நிறுவனங்களும் பணத்தைக் கொட்டி நடத்திய நாடகங்களில் மிகச் சிலவே என் வரிசையில் இடம்பெற்றன. இது தற்செயலாக நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

அன்றைய ஏற்பாடு இன்றைய தொலைக்காட்சியைப் போன்றதன்று. ஒரு நிறுவனம் இடையிடையே அரை நிமிட விளம்பரம் வாங்குவதோடு நிற்காமல், முழு அரை மணி நேரத்தையோ ஒரு மணி நேரத்தையோ வாங்கிவிடும். அந்நிறுவனத்தின் விளம்பர முகவரகமே எழுத்தாளரை அமர்த்தும், நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும், கதை எப்படிப் போக வேண்டும் என்பதையும் முடிவு செய்யும். நிலையத்தின் பங்கு பெரும்பாலும் கூடத்தையும் கம்பித் தடத்தையும் தருவதோடு முடிந்துவிடும். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆக்சிடால் சோப்புத்தூளுக்காகப் பிறந்த ‘மா பெர்கின்ஸ்’ 1933 முதல் 1960 வரை பகல் நேரத்தில் ஓடியது இந்த முறையில்தான். ‘லக்ஸ் ரேடியோ தியேட்டர்’ அதைவிடப் படாடோபமானது. வெளிவந்த திரைப்படங்களைச் சுருக்கி, முடிந்தவரை அதே நட்சத்திரங்களைக் கொண்டே வானொலியில் நடிக்க வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நம் ஒலிச்சித்திரம் படத்தின் ஒலித்தடத்தை வெட்டி ஒட்டியது. லக்ஸ்காரர்கள் பார்வையாளர்களைக் கூட்டி உட்கார வைத்து, புதிதாக நேரடியாக நடித்தார்கள். அதன் தொகுப்பாளராக இருந்த இயக்குநர் செசில் பி. டிமில், தொழிற்சங்கம் கேட்ட ஒரே ஒரு டாலர் சிறப்புச் சந்தாவைக் கொள்கைக் காரணம் காட்டிக் கட்ட மறுத்ததால், 1945இல் அந்தப் பெரிய வேலையையே இழந்தார் என்பது தனிச் சுவையான கதை. நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டால், ஒப்பனை கலையாத நாடகங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு முறை கேட்கலாம்.

விற்காத நேரங்கள் எப்படி உண்டாயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர் நிலையத்தில் பெரும்புகழ் பெற்ற நிகழ்ச்சி ஓடும் வேளையில் மோதிப் பார்க்க எந்த விளம்பரதாரரும் துணியமாட்டார். நள்ளிரவு நேரத்தையும் யாரும் சீந்துவதில்லை. மறுபுறம், 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலையங்கள் பொது நலனுக்காக இயங்குவதாகக் காட்டினால்தான் உரிமம் நிலைக்கும். எனவே விற்காத நேரத்தை ‘தரமான’ நிகழ்ச்சிகளால் நிரப்பிவிட்டால் பெயருக்குப் பெயரும் ஆயிற்று, உரிமத்துக்குப் பாதுகாப்பும் ஆயிற்று என்று சி.பி.எஸ். என்ற நாடளாவிய ஒலிபரப்பு நிறுவனம் கணக்குப் போட்டது. 1936இல் தொடங்கிய ‘கொலம்பியா ஒர்க்ஷாப்’ அந்தக் கணக்கின் விளைவு. அங்கேதான் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் 1937இல் ‘தி ஃபால் ஆஃப் தி சிட்டி’ என்ற கவிதை நாடகத்தை எழுதினார். சர்வாதிகாரி ஒருவனுக்கு மக்கள் தாமாகவே அடிபணிவதைச் சொல்லும் அந்நாடகத்தின் மக்கள் திரளின் ஆரவாரம் இயல்பாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக, நியூயார்க்கில் ஒரு படைப்பிரிவின் பயிற்சி மண்டபத்தையே ஒலிபரப்புக் கூடமாக்கினார்கள். எந்தச் சோப்பு நிறுவனம் இதற்குச் சம்மதித்திருக்கும்?

ஆர்சன் வெல்ஸின் ‘மெர்க்குரி தியேட்டர் ஆன் தி ஏர்’ 1938 ஜூலையில் தொடங்கியபோது அதற்கும் விளம்பரதாரர் இல்லை. பின்னர் ஞாயிறு இரவுக்கு மாறியபோது, எதிரே போட்டி நிறுவனமான என்.பி.சி.யில் எட்கர் பெர்கன் என்ற கலைஞர் பொம்மையைப் பேசவைக்கும் வித்தையால் நாட்டையே கட்டிப்போட்டிருந்தார். உதடு அசைகிறதா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாத வானொலியில் அந்த வித்தை எப்படி எடுபட்டது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்! செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுத்து வந்ததைச் செய்தி அறிவிப்புகள்போலச் சொல்லி, அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் வெல்ஸ் நிகழ்ச்சியில் ஒலித்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாடகத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் மக்கள் பீதியடைந்ததையே எழுதுகிறார்கள். அந்தப் பீதியைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கின என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அன்று அந்த நிகழ்ச்சியைக் கேட்டவர்களே ஒப்பளவில் சிறு கூட்டம்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நடன இசைக்கு நடுவே செய்தி குறுக்கிடுகிறது, மீண்டும் இசை, மீண்டும் செய்தி. இந்த வடிவம் தடையின்றி நாற்பது நிமிடத்துக்கு நெருக்கமாக ஓட முடிந்ததற்குக் காரணம் நடுவில் நுழைய விளம்பரம் இல்லாமையே. களத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும் செய்தியாளரின் குரல் வாக்கியத்தின் நடுவே அறுந்து, அதன்பின் சில விநாடிகள் எந்த ஒலியும் வராது. அந்த வெறுமையை இன்று இயர்போனில் கேட்கும்போதும் கருவி பழுதாகிவிட்டதோ என்று கை தானாகப் பேசியை நோக்கிப் போகிறது. அந்தச் செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரெடிக், முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான நேர்முக வர்ணனையைக் கேட்டுக் கேட்டுத் தம் குரலைத் தயார்செய்தவர்.

பரபரப்பு ஓய்ந்ததும் கேம்ப்பெல் சூப் நிறுவனம் பணத்தோடு வந்தது. டிசம்பரில் நிகழ்ச்சியின் பெயரே ‘தி கேம்ப்பெல் பிளேஹவுஸ்’ என்று மாறியது. நட்சத்திரங்கள் வந்தார்கள், பிரபல நாவல்கள் வந்தன, வெல்ஸ் சூப்பைப் புகழ்ந்து பேசினார். மோசமான நிகழ்ச்சி என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து மாத நாடகங்களில் இருந்த துணிச்சல் அதில் பாதிகூட இல்லை.

நள்ளிரவுக்கு வருவோம். சிகாகோவில் 1934இல் வில்லிஸ் கூப்பர் தொடங்கி, 1936 முதல் ஆர்ச் ஓபோலர் தொடர்ந்த ‘லைட்ஸ் அவுட்’ குழந்தைகள் உறங்கிய பின் ஒலித்த திகில் நிகழ்ச்சி. எலும்பு முறியும் ஓசைக்கு இறைச்சிக்கடை விலா எலும்பை உடைத்தார்கள். தலை துண்டாவதற்கு முட்டைக்கோஸை வெட்டினார்கள். மனித உடல் உள்வெளியாகப் புரள்வதாக ஒரு கதை. அதற்கு, நனைத்த ரப்பர் கையுறையைப் புரட்டியபடியே பழக்கூடை ஒன்றைக் கசக்கினார்கள். இந்தச் சமையற்கட்டுத் தந்திரங்களைப் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கோ ஓபோலரின் கதைகள் பல இடங்களில் கத்திப் பேசுவதாகவே படுகின்றன. கூப்பர்தான் பெரிய கலைஞர் என்பது என் கருத்து. அதற்குச் சான்று, அவர் பத்தாண்டுக்கும் மேல் கழித்து 1947 முதல் 1949 வரை எழுதி இயக்கிய ‘கொயட், ப்ளீஸ்’.

அந்த நிகழ்ச்சிக்கும் விளம்பரதாரர் இல்லை, கூட்டமும் இல்லை, பணமும் இல்லை. பெரும்பாலும் ஒரே மனிதர் நம்மிடம் பேசிக்கொண்டிருப்பார். அவர் எர்னஸ்ட் சாப்பல், முன்பு கேம்ப்பெல் பிளேஹவுஸின் அறிவிப்பாளராகச் சூப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்த அதே மனிதர். 1948 ஆகஸ்ட் 9ஆம் நாள் ஒலித்த ‘தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்டு’ என்ற நாடகத்தில் அவர் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த முன்னாள் தொழிலாளி. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பழங்கதை சொல்வதுபோல் ஆரம்பிக்கிறார். துளையிடும் குழாய்களை எப்படி நான்கு நான்காகக் கோத்து நிறுத்துவார்கள், அவற்றைக் கையாள்பவன் நிற்கும் மேடை கோபுரத்தின் எந்த உயரத்தில் இருக்கும் என்றெல்லாம் பொறுமையாக விளக்குகிறார். நமக்குச் சற்றே சலிப்புத் தட்டுகிறது. அந்தச் சலிப்பு திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. தொழில் தெரிந்தவன் பேச்சு என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம். பூமிக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து வந்த மண்ணில் இருக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. பிறகு கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு குழந்தை விசும்புகிறது. உறுமலோ ஓலமோ வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த விசும்பலில் இரக்கமும் அருவருப்பும் ஒரே நேரத்தில் வந்து நம்மை நிலைகுலைக்கின்றன. முடிவைச் சொல்லமாட்டேன். கதை சொல்பவர் நம்மை ஏன் விருந்தாளியாக வைத்துப் பேசினார் என்பது கடைசியில்தான் விளங்கும்.

சி.பி.எஸ்.ஸின் ‘எஸ்கேப்’ 1947 முதல் 1954 வரை ஓடியது. நிலையம் அதைப் பகடைக்காய்போல் ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்துக்கு உருட்டிக்கொண்டே இருந்ததால், அதைத் தொடர்ந்து கேட்பதே நேயர்களுக்குப் பெரும் பாடாக இருந்திருக்கும். கலங்கரை விளக்கத்தில் மூன்று பேர் சிக்கிக்கொள்ள, கப்பலிலிருந்து கரையேறிய எலிக்கூட்டம் கண்ணாடிக்கு வெளியே சூழ்ந்துகொள்ளும் ‘த்ரீ ஸ்கெலிட்டன் கீ’ இதில்தான் வந்தது. 1950 மார்ச்சில் வின்சென்ட் பிரைஸ் நடித்த ஒலிபரப்பு பெயர் பெற்றது. பிரைஸின் குரலில் நடிப்பு சற்றே தூக்கல் என்பது என் எண்ணம், ஆனால் எலிகளின் கீச்சொலி விளக்கு மெல்லச் சுழலும் ஓசையோடு கலந்து வரும்போது அதையெல்லாம் யோசிக்க நேரமிருப்பதில்லை.

இவை அனைத்திலும் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் ‘கன்ஸ்மோக்’ என்பேன். பின்னர் தொலைக்காட்சியில் இருபது ஆண்டுகள் ஓடிய தொடரைச் சொல்லவில்லை. 1952 ஏப்ரல் 26ஆம் நாள் சி.பி.எஸ். வானொலியில் நிரந்தர விளம்பரதாரர் இல்லாமலே தொடங்கி, 1961 வரை ஒலித்த மூல வடிவத்தைச் சொல்கிறேன். நார்மன் மக்டானல் இயக்கினார். ஜான் மெஸ்டன் மிகச் சிறந்த கதைகளை எழுதினார். அதுவரை வானொலியில் வந்த குதிரைவீரர்கள் சிறுவர்களுக்கான நாயகர்கள். வில்லியம் கான்ராட் குரல் கொடுத்த, எல்லைப்புற ஊரின் சட்டக் காவலரான மார்ஷல் மாட் டில்லனோ களைத்துப்போன மனிதன். பல கதைகளில் தாமதமாக வந்து சேர்கிறான், பலரைக் காப்பாற்ற முடியாமல் போகிறான். ஒலி அமைப்பும் அப்படியே. ஒருவர் தெருவைக் கடந்தால் அவர் உண்மையிலேயே கடக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும். மண்ணில் மெத்தென்று விழும் காலடி, மரநடைபாதையில் ஏறியதும் மாறும் தொனி, குதிமுள்ளின் கிணுகிணுப்பு, நிற்கும் ஓசை, பின்புதான் பேச்சு. ஒரு விநாடி மௌனத்துக்கும் காசு கணக்குப் பார்க்கும் முகவரகம் இதை அனுமதித்திருக்காது.

1952 டிசம்பரில் வந்த ‘தி கேபின்’ என்ற கதையில், பனிப்புயலில் சிக்கிய டில்லன் ஒரு குடிசைக்குள் நுழைகிறான். அங்கே இரண்டு கொள்ளையர்கள் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று நாடகம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவள் குரலில் உணர்ச்சியே இல்லாததில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. கொள்ளையர் கதை முடிந்த பிறகு டில்லன் ஆறுதல் சொல்ல முயல்கிறான். அவள் அதை ஏற்பதில்லை. நாடகம் அவ்வளவோடு நின்றுவிடுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் இப்படியொரு கதையை ஒலிபரப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

‘சஸ்பென்ஸ்’ நிகழ்ச்சியைக் காட்டி என்னை மறுக்க வருவோர் உண்டு. பல ஆண்டுகள் அது ரோமா ஒயினின் பணத்திலும் கார் உதிரிபாக நிறுவனமான ஆட்டோலைட்டின் பணத்திலும் சிறப்பாகவே நடந்தது. 1946இல் ஒயின் விளம்பரங்களுக்கு இடையே வந்த ‘தி ஹவுஸ் இன் சைப்ரஸ் கேன்யன்’ முதல்தரமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்நிகழ்ச்சியின் மிகப் புகழ்பெற்ற நாடகமான ‘சாரி, ராங் நம்பர்’ 1943 மே 25இல், ரோமா வந்து சேர்வதற்கு முன்பே ஒலித்தது. படுக்கையில் கிடக்கும் பெண் ஒருத்தி, தொலைபேசித் தடம் மாறியதால் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். அரை மணி நேரமும் ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல் ஒன்றே கதையைச் சுமக்கிறது. லூசில் ஃபிளெச்சர் அந்தப் பெண்ணை எரிச்சலூட்டுபவளாகவே எழுதியிருப்பதுதான் நாடகத்தின் வலிமை. விளம்பர முகவரகம் கையில் கிடைத்திருந்தால் அவளை நல்லவளாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருக்கும்.

விளம்பரதாரரின் அச்சம் கதையோடு நிற்கவில்லை. 1950இல் ‘ரெட் சேனல்ஸ்’ என்ற சிறுநூல் ஒலிபரப்புத் துறையினர் 151 பேரைக் கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று பட்டியலிட்டபோது, சரக்கு விற்காமல் போய்விடுமோ என்ற பயமே பலருடைய வேலையைப் பறித்தது. ‘எஸ்கேப்’ நாடகங்களை இயக்கிய வில்லியம் ராப்சன் அதில் இருந்தார், வெல்ஸும் இருந்தார். நார்மன் கார்வினும் இருந்தார். முத்துத்துறைமுகத் (பேர்ல் ஹார்பர்) தாக்குதல் நடந்த மறுவாரமே அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைகள் சாசனத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி நான்கு வலைப்பின்னல்களிலும் ஒரே நேரத்தில் ஒலித்து, ஆறு கோடிப் பேர் கேட்டதாகச் சொல்லப்படும் ‘வீ ஹோல்ட் தீஸ் ட்ரூத்ஸ்’ நாடகத்தை எழுதியவர் அவர். கார்வினின் நடை இன்று சில இடங்களில் மேடைப்பேச்சாக ஒலிக்கிறது. ஆனாலும் அவரையே நாட்டுப்பற்றில் ஐயத்துக்குரியவராக்கியது கொடுமை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சிக்கு எதிரான ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்காத நேரத்தின் செலவை விற்ற நேரத்தின் வருமானமே ஈடுகட்டியது. ‘மா பெர்கின்ஸ்’ போன்ற நாடகங்கள் ஈட்டிய சோப்புக் காசு போன்றவற்றில்தான் மக்லீஷின் கவிதை காற்றில் ஏறியது. 1950களில் விளம்பரதாரர்கள் தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்தபோது வானொலியின் மாலை நேரம் முழுவதுமே ஏறத்தாழ விற்காத நேரமாகிவிட்டது. அதனால்தான் ‘கன்ஸ்மோக்’ போன்ற முதிர்ந்த நாடகங்களும், வளர்ந்தோருக்கான அறிவியல் புனைகதைகளைத் தந்த என்.பி.சி.யின் ‘எக்ஸ் மைனஸ் ஒன்’ நிகழ்ச்சியும் பொற்காலத்தின் அந்தியில் பிறந்தன. அதே காரணத்தால்தான் அவை நீடிக்கவும் இல்லை. 1962 செப்டம்பர் 30ஆம் நாள் ‘சஸ்பென்ஸ்’ நிகழ்ச்சியையும் துப்பறியும் தொடரான ‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’ நிகழ்ச்சியையும் சி.பி.எஸ். ஒரே மாலையில் நிறுத்தியது.

பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிதாகக் கேட்பவர்கள் ‘தி கேபின்’ கதையிலிருந்து தொடங்கலாம். பழைய அமெரிக்க உச்சரிப்பும் பழைய ஒலித்தட்டின் இரைச்சலும் முதலில் சற்றுச் சிரமம் தந்தாலும் விரைவில் பழகிவிடும். ‘தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்டு’ நாடகத்தை மட்டும் அதன் கதைச்சுருக்கத்தைப் படிக்காமல் கேளுங்கள்.