பயம் என்று மட்டும் சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை, 2020 ஏப்ரல் 19 ராத்திரி, சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் கல்லெறிந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் எழுதிவிட்டார்கள், வீடியோவும் எல்லார் போனிலும் இருக்கிறது. ஆனால் அந்த டாக்டரின் மனைவி கண்ணீரோடு பேசிய வீடியோவை நான் பகிர்ந்ததற்குக் கீழே, பத்து வருடமாக என் நட்பில் இருக்கும் ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. "பாவம்தான் சார். ஆனா ஜனங்க பயத்தையும் நாம புரிஞ்சுக்கணும். படிக்காத மக்கள்." அதற்கு நாற்பத்திரண்டு லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும். இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பயந்தவன் என்ன செய்வான்? கதவைச் சாத்திக்கொள்வான். ஜன்னலை அடைத்துக்கொள்வான். பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொள்வான். ஊரடங்கு போட்டு இருபத்தைந்து நாள் ஆன ஊரில், தள்ளி நில்லுங்கள், தள்ளி நில்லுங்கள் என்று காது புளிக்கச் சொன்ன பிறகு, ராத்திரியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கும்பலாகக் கூடி, கட்டையும் கல்லும் எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு இருப்பது பயமா? நோய்க்குப் பயந்தவன் நோயாளி வந்த வண்டியை நோக்கி ஓடுவானா, வண்டியை விட்டு ஓடுவானா?

நடந்ததை ஒரு தடவை நிதானமாக மனதில் ஓட்டிப் பாருங்கள். 55 வயது. மூளை, நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர். தொற்று வந்து இறந்துபோனார். கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே எதிர்ப்பு. சரி என்று அண்ணா நகர் வேலங்காடு மயானத்துக்குத் திருப்புகிறார்கள். குழி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கல் விழுகிறது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்குகிறது. டிரைவர்களுக்கு ரத்தம் கொட்டுகிறது. மனைவியும் மகனும் கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்காமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. உடலோடு வண்டி திரும்பிப் போகிறது. அப்புறம் நள்ளிரவு தாண்டி, அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர், கவச உடையைப் போட்டுக்கொண்டு தானே ஆம்புலன்ஸை ஓட்டி வந்து, இரண்டு வார்டு பணியாளர்களோடு, போலீஸ் பாதுகாப்போடு, மண்வெட்டியும் கையுமாக மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார். எலும்பு மூட்டுக்கு ஆபரேஷன் செய்கிற கை அது.

கூட வந்த டிரைவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தனியாக ஒரு வருத்தம். டாக்டருக்காவது சங்கம் இருக்கிறது, அறிக்கை வருகிறது, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்கிறது. மண்டை உடைந்த டிரைவர் மறுநாள் எந்த வண்டியை எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குள் போவார்?

இது முதல் தடவையும் இல்லை. ஒரு வாரம் முன்னால் நெல்லூரிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்கு வந்து இறந்த டாக்டரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க விடவில்லை. அப்போது ஒரு நாள் செய்தியாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். அப்போதும் "ஜனங்க பயம்" என்றுதான் சொன்னோம். அன்றைக்கு அப்படிச் சொன்னதுதான் இன்றைக்குக் கல்லாக வந்து விழுந்தது. நானும் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. அதையும் இங்கே சேர்த்தே சொல்கிறேன்.

"உடம்பிலிருந்து பரவாதா சார்?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம், கேட்க வேண்டும். பதிலும் இருக்கிறது. மத்திய சுகாதாரத் துறை மார்ச் 15-ஆம் தேதியே உடல்களை எப்படிக் கையாள வேண்டும் என்று வழிமுறை போட்டுவிட்டது. கசியாத பையில் வைத்துக் கட்ட வேண்டும், பையின் வெளிப்பக்கத்தை மருந்தால் துடைக்க வேண்டும், குளிப்பாட்டக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது. புதைக்கலாம், எரிக்கலாம், சாம்பலால் எதுவும் வராது. உலக சுகாதார நிறுவனமும் மார்ச் கடைசியில் சொல்லிவிட்டது, இறந்த உடலிலிருந்து யாருக்கும் தொற்றியதாக ஆதாரம் இல்லை என்று. இருமுகிற, தும்முகிற, பேசுகிற மனிதனின் எச்சில் துளியிலும் மூச்சுக்காற்றிலும் வருகிற நோய் இது. செத்தவர் இருமுவதில்லை. உயிரோடு பக்கத்தில் நின்று கத்துகிறவனால் ஆபத்து அதிகமா, பல அடி ஆழத்தில் பையில் கட்டிப் படுத்திருக்கிறவரால் அதிகமா? இதைப் புரிந்துகொள்ள டாக்டர் பட்டம் வேண்டாம்.

"அரசாங்கம் முன்கூட்டியே சொல்லியிருக்கணும்" என்கிறார்கள். இதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். மயானத்தைச் சுற்றி இருக்கிற தெருக்களில் ஒரு ஆட்டோவில் மைக் கட்டி, இப்படி ஒருவர் வருகிறார், இந்த மாதிரி அடக்கம் செய்வோம், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். போதுமான போலீஸைக் கூட அனுப்பியிருக்கலாம். பெரிய தப்பு. ஆனால் சொல்லாமல் விட்டதற்காக டிரைவரின் தலையில் அடிப்பாயா?

"உங்க தெருவுல புதைச்சா ஒத்துக்குவீங்களா?" இதுவும் வந்தது. நான் வளர்ந்தது ஓட்டேரி. சுடுகாட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ராத்திரி சோறு சாப்பிடும்போது காற்று திரும்பினால் புகை எங்கள் தட்டுக்கு வரும். யாரிடம் இதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

ஓட்டேரி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 1992 கடைசியில் இந்த ஊரில் காலரா வந்தது. உலகத்துக்கே புதிய ஒரு காலராக் கிருமி முதலில் தென்பட்டது அப்போது மெட்ராஸில்தான் என்று பின்னாளில் படித்தேன். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா மட்டும்தான். சாயங்காலம் ஆரம்பித்த பேதி, ராத்திரி பதினொரு மணிக்குக் கண் உள்ளே போய்விட்டது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எதிர்வீட்டு மாமா, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர், சரக்கு ஏற்றுகிற தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பாவின் வேட்டி முழுக்க நனைந்திருந்தது. அப்படியே அள்ளித் தூக்கி வண்டியில் போட்டார். அவருடைய மனைவி ஒரு சொம்பில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி வரை வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்து வாயில் ஊற்றிக்கொண்டே வந்தார். மாமா மிதித்தார், நான் பின்னால் தள்ளினேன். அப்பா அதற்கப்புறம் பதினேழு வருடம் இருந்தார்.

உடனே வருவீர்கள், "காலரா தண்ணியில பரவறது, இது காத்துல" என்று. தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த மாமாவுக்கு அது தெரியாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் தூக்கினார். அதனால் "படிக்காத மக்கள்" என்ற அந்த வார்த்தையை என் பக்கத்தில் யாரும் எழுதாதீர்கள். என் அப்பாவைத் தூக்கியவர் படிக்காதவர்.

படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். முடியவில்லை.

என் தங்கை ஸ்டாஃப் நர்ஸ். எங்களோடுதான் இருக்கிறாள். எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடு. பேங்க் ஆபீசர், ஐடி, ரிட்டயர்டு பேராசிரியர், எல்லாரும் இருக்கிறார்கள். மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லிக் கைதட்டுங்கள் என்று பிரதமர் கேட்டுக்கொண்ட மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் பால்கனிக்கு வந்தார்கள். எவர்சில்வர் தட்டு, கரண்டி, எதிர்வீட்டில் பூஜை மணி. தங்கை அன்று வீட்டில் இருந்தாள். மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் அவளைப் பார்த்துக் கைதட்டி, "சிஸ்டர், உங்களுக்குத்தான்!" என்று கத்தினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அம்மாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் அவளுக்குக் கொரோனா வார்டு போட்டார்கள். ஒரு வாரம் டூட்டி. முடிந்ததும் தனியாகத் தங்கவைத்து, பரிசோதனை செய்து, இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அன்றைக்கே குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி. "சிஸ்டர் கொஞ்ச நாள் ஹாஸ்டல்லயே தங்கிக்கலாமே. எல்லாரோட நல்லதுக்குத்தான்." கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக. மறுநாள் செக்ரட்டரி போன் செய்து, லிஃப்ட்டை உபயோகிக்க வேண்டாம் என்றார். ரிசல்ட் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அம்மா கதவைத் திறந்து, "யாருடா இது, கோலமாவை வாசல்ல கொட்டி வச்சது?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பார்வை சரியில்லை. நான் போய்ப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர். கீழே கேட்டிலிருந்து படிக்கட்டு வழியாக, தங்கை ஏறி வந்த பக்கம் மட்டும், கோடு கிழித்த மாதிரி தூவிக்கொண்டே வந்து எங்கள் கதவில் நிறுத்தியிருந்தார்கள். வேறு எந்த வீட்டு வாசலிலும் ஒரு பொட்டு இல்லை. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அம்மா வழுக்கி விழுந்துவிடுவாள் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்த் தானே கூட்டினாள். அந்த ஒரு வாரம் முழுக்க தினமும் ஆறு மணி நேரம் கவச உடைக்குள் தண்ணீர் குடிக்காமல் நின்றவள். மூக்குத்தண்டில் மாஸ்க் பதிந்த தழும்பு அப்போதும் ஆறவில்லை. அந்த முகத்தோடு அவள் குனிந்து கூட்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலங்காட்டில் கல்லெறிந்தவர்களைக் கைது செய்துவிட்டார்கள். நல்லது. மத்திய அரசும் 1897-ஆம் வருடத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழு வருடம் வரை ஜெயில் என்று அவசரச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நல்லது. கைகூப்பிய படம் போட்டவர்களை எந்தச் சட்டம் என்ன செய்யும்?

அதனால்தான் சொல்கிறேன், பயம் என்று சொல்லாதீர்கள். பயம் எனக்கும் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. தங்கை டூட்டியில் இருந்த ஒவ்வொரு ராத்திரியும் பயந்தேன். பயந்தால் கேட்டுத் தெரிந்துகொள். தெரிந்துகொள்ளப் பொறுமை இல்லையா, உள்ளே இரு. ஜனவரி 30 கேரளாவில் முதல் தொற்று. மார்ச் 7 தமிழ்நாட்டில் முதல் தொற்று. தெரிந்துகொள்ள எவ்வளவு நாள் இருந்தது! அந்த நாட்களில் நாம் என்ன செய்தோம்? கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று பார்வர்ட் செய்து நாமக்கல் பண்ணைக்காரர்களை நொடிக்கவைத்தோம். டெல்லியில் நடந்த முஸ்லிம்களின் தப்லீக் மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் விஷயம் வந்ததும், காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்க ஆரம்பித்தோம். மதுரையில் ஒருவரைக் கொரோனா நோயாளி என்று வீடியோ எடுத்துப் பரப்பி, அவர் உயிரையே விட்டார். இதெல்லாம் பயத்தில் செய்ததா? ஒவ்வொரு தடவையும் நம்மைவிட இளைத்தவனாகப் பார்த்துத்தானே பயப்படுகிறோம்? கட்டுப்பாடு இல்லாமல் கூட்டம் கூட்டிய பெரிய மனிதர் யார் வீட்டு வாசலிலாவது யாராவது பவுடர் தூவினார்களா?

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. "சமூக விலகல்" என்று யார் மொழிபெயர்த்தார்களோ தெரியாது. மூன்று அடி தள்ளி நில் என்பதற்கு அந்த வார்த்தை வேண்டாம். ஆளை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது நமக்குக் காலம்காலமாகப் பழகிய வேலை. கேட்டதும் பலருக்கு அந்த அர்த்தம்தான் முதலில் பிடித்துக்கொண்டது. இடைவெளி என்று சொல்லியிருந்தால் போதும்.

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க" என்று எழுதுவீர்கள். ஆமாம், படுகிறேன். அந்த டாக்டரின் மனைவி கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் ஆசைப்பட்டபடி, தங்கள் மத வழக்கப்படி, கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடுங்கள் என்கிறார். அதற்குக் கீழேயும் போய் "ஜனங்க பயம்" என்று எழுதியிருக்கிறார்கள். கணவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எப்படி மனது வந்தது?

நேற்று ராத்திரி தங்கை அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்து, அம்மாவுக்குக் கேட்காமல். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அண்ணா, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வார்டு போட்டிருக்காங்க" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. பையில் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

எங்கள் குடியிருப்பில் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தக் கடைசி வரி. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் கிளம்புகிறாள். லிஃப்ட்டில்தான் இறங்குவாள். நானும் கூட வருவேன்.