இலவச சிந்த் என்றால் ஒலி மட்டமா?

"இலவச சிந்த் பிளக்-இன்களில் ஒலித்தரத்தைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள், காசு கொடுத்து வாங்கினால்தான் முழு ஒலி வரும்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. (சிந்த் பிளக்-இன் என்றால் கணினியில் இசை மென்பொருளுக்குள் சேர்த்து, மின்னணு ஒலிகளை உருவாக்கும் நிரல்.) தவறு.

வைட்டல் என்ற சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலவசப் பதிப்பிலும் விலைப் பதிப்பிலும் ஒலி எஞ்சின் ஒன்றேதான், கூடுதல் காசுக்குக் கிடைப்பது முக்கியமாக அதிக பிரீசெட்டுகளும் (முன்பே அமைத்து வைத்த ஒலிகள்) வேவ்டேபிள்களும் (ஒலிக்கு அடிப்படையான அலைவடிவத் தொகுப்புகள்). சர்ஜ் என்ற இன்னொரு சிந்தின் கதை இன்னும் வேடிக்கை: ஒரு காலத்தில் விலைக்கு விற்ற அதே சிந்தைத்தான் 2018-ல் திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து அதை மேலும் வளர்த்திருக்கிறார்கள். டெக்ஸ்டு என்ற இலவச சிந்த் இருக்கிறதே, அது 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 என்ற கீபோர்டு சிந்தை அடியொற்றியது, ஆறு ஆபரேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதிகள்), அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம் எல்லாம் அப்படியே உண்டு, பழைய டிஎக்ஸ் 7 ஒலிகளையும் நேரடியாக ஏற்றலாம்.

அப்புறம் ஏன் விலை கொடுத்தது 'கொழுத்து' ஒலிக்கிறது? பெரும்பாலும் பிரீசெட்தான் காரணம். ஒலிக்கு எதிரொலியும் அடர்த்தியும் சேர்க்கும் ரிவர்ப், கோரஸ், டிலே, யூனிசன் எல்லாம் பூசி, சத்தத்தையும் கொஞ்சம் ஏற்றி வைத்திருப்பார்கள். சத்தம் கூடினாலே நம் காதுக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நானும் இப்படித்தான் ஏமாந்து ஒன்றை வாங்கினேன். எஃபெக்ட்டை அணைத்து, இலவசமானது, விலை கொடுத்தது இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, ஒரே சா-டூத் (ரம்பப் பல் வடிவ) அலையை வாசித்துப் பார்த்தபோது எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

சரி, எல்லா இலவச சிந்தும் தங்கம் என்று சொல்லவில்லை. சில பழைய பிளக்-இன்களில் மேல் ஸ்தாயியில் அலியாசிங் இரைச்சல் (டிஜிட்டல் ஒலியில் சேரும் தேவையற்ற சுருதிகள்) அப்பட்டமாகக் கேட்கும், ஆனால் அது எழுதிய நிரலின் குறை, விலையின் குறை அல்ல.