பத்து போர்ட் இருந்தும் மூணாவது சென்சாருக்கு இடமில்லையாம்

அப்டேட் முடிஞ்சு விண்டோஸ் எழுந்ததும் எழுந்ததாம், "யூஎஸ்பி கன்ட்ரோலர்ல வசதி பத்தலை"ன்னு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. பின்னாடி எட்டு போர்ட், முன்னாடி ரெண்டு. பாதி சும்மா கிடக்கு. ஆனா பத்தலையாம்!

ஒக்குலஸ் ரிஃப்ட் சிவி1ங்கிற விஆர் ஹெட்செட், தலையும் கையும் எங்கே இருக்குன்னு பார்க்கிற சென்சார் ரெண்டு வரைக்கும் சமத்து. மூணாவதைச் செருகுங்க, முதல் சென்சார் மாயம். முதலைப் பிடுங்கிச் செருகினா, ரெண்டாவதுக்கு "டிராக்கிங் சரியில்லை". ரெண்டாவதை வேற போர்ட்டுக்கு மாத்தினா மூணும் வந்துடும், ஹெட்செட் போயிடும். ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டா, ஆஹா, எல்லாம் பச்சை! ரெண்டு அடி பின்னால நகர்ந்தா இடது கை மட்டும் தனியா கூரைக்குப் பறக்குது. ரீஸ்டார்ட். இப்ப ரெண்டாவது மாயம். நாலு பேர் ஆடுற இசை நாற்காலி, பாட்டு மட்டும் நிக்கவே நிக்காது.

போர்ட்டை எண்ணிப் பிரயோஜனமே இல்ல. அத்தனைக்கும் பின்னாடி பெரும்பாலும் ஒரே ஒரு ஹோஸ்ட் கன்ட்ரோலர்தான், அதாவது எல்லா யூஎஸ்பி போர்ட்டையும் மேய்க்கிற சர்க்யூட். ஒவ்வொரு சாதனமும் அதுல சில எண்ட்பாயின்ட்டை, அதாவது தரவு போய் வர்ற வாசலை, பிடிச்சுக்கும். பல இன்டெல் சிப்செட்ல உச்சவரம்பு 96. கலர் கலரா மின்னுற கீபோர்டு, வெப்கேம், ஹப்புன்னு சேர்ந்தா அதுலயே கணிசமா காலி. இதுல சென்சார்ங்கிறது கேமரா வேற. படம் அனுப்ப வேண்டிய பேண்ட்விட்த்தை (தரவு போற பாதையோட அகலத்தை) முன்கூட்டியே ரிசர்வ் பண்ணிட்டுத்தான் உட்காரும்.

டிவைஸ் மேனேஜர்ல வியூ மெனுவுக்குப் போய் "டிவைசஸ் பை கனெக்ஷன்" போடுங்க. யாரு எந்த கன்ட்ரோலர்ல தொங்குறாங்கன்னு குட்டு வெளிப்படும். ரெண்டு சென்சாரை யூஎஸ்பி 3.0 போர்ட்ல வச்சுட்டு மூணாவதை பழைய, மெதுவான 2.0க்குத் தள்ளுங்க. தயாரிச்சவங்களே அதைத்தான் சொன்னாங்க. மூணாவது சென்சார் பெட்டியில வந்த 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளே 2.0தான். அப்ப பெட்டி மேலயே அதைப் பெருசா அச்சடிச்சிருந்தா என்னவாம்? கீபோர்டு, மவுஸையும் 2.0 போர்ட்டுக்கு மாத்தினா 3.0 போர்ட் காலியாகும். ஆனா எண்ட்பாயின்ட் மிஞ்சாது, அதே கன்ட்ரோலர்தானே!

அப்புறம் அதே டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொண்ணுலயும் பவர் மேனேஜ்மென்ட்டுக்குப் போய், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அணைக்கலாம்ங்கிற டிக்கை எடுக்கணும். பவர் ஆப்ஷன்ஸ்ல செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைக்கணும். அடுத்த அப்டேட்ல டிக் திரும்ப வந்து உட்கார்ந்துக்கும், அது வேற கதை.

எதுக்கும் மசியலைன்னா மதர்போர்டு ஸ்லாட்ல சொருகுற தனி யூஎஸ்பி (பிசிஐ-இ) கார்டுதான். ஃப்ரெஸ்கோ லாஜிக் எஃப்எல்1100 சிப் போட்டதா பார்த்து வாங்குங்க. நாலு போர்ட் இருக்கேன்னு நாலையும் நிரப்பாதீங்க. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல ஒரே லேன் (தரவுப் பாதை), நொடிக்கு 500 எம்பிக்குள்ளதான் நாலுக்கும் பங்கு. கார்டுல சாட்டா பவர் (பவர் சப்ளையில இருந்து வர்ற ஒயர்) சொருகுற இடம் இருந்தா மறக்காம சொருகுங்க. இல்லைன்னா சென்சார் நடுநடுவுல செத்துச் செத்துப் பிழைக்கும். சொருகுறதுக்கு முன்னாடி ஸ்லாட் கண்ணுக்குத் தெரியணுமே! மூணு ஸ்லாட் தடிமன்ல கிராபிக்ஸ் கார்டு அது மேலதான் படுத்திருக்கும்.

அந்தத் தடியன்கிட்ட ஒரு கேள்வி. மூணு டிஸ்ப்ளேபோர்ட் யாரு கேட்டா? எச்டிஎம்ஐ மட்டும் ஏன்யா ஒண்ணே ஒண்ணு? டிவியைச் சொருகுறதா, ஹெட்செட்டைச் சொருகுறதா?