ராக்கி ஃபிளாட்ஸ்: 'முழுசா சுத்தம்' என்பது தவறு

ராக்கி ஃபிளாட்ஸ் ஆலையின் கதிரியக்கக் கழிவு பற்றி "2005-லயே எல்லாம் அள்ளியாச்சு, மக்கள் குழுவே சான்றிதழ் குடுத்துடுச்சு" என்று சொல்கிறார்களே, இரண்டுமே சரியில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள அந்தப் பழைய அணுகுண்டு ஆலையில், கிராமுக்கு 50 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) புளூட்டோனியம் என்ற வரம்பு மேல் 3 அடி மண்ணுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே அதைவிடக் கூடுதலாக விட்டுவைக்கச் சுத்திகரிப்பு ஒப்பந்தமே இடம் கொடுத்தது. கட்டட அடித்தளங்கள் சிலவும் இரண்டு குப்பைக்கிடங்குகளும் இன்னும் உள்ளேதான் கிடக்கின்றன. நடுவிலுள்ள சுமார் 1,300 ஏக்கரை எரிசக்தித் துறை சுற்றியுள்ள வனவிலங்குச் சரணாலயத்துக்குக் கொடுக்காமல் தன்னிடமே வைத்திருப்பதும், அங்கே 3 அடிக்குக் கீழே தோண்டத் தடை இருப்பதும் இதனால்தான்.

'மக்கள் குழு' என்பது 2006-இல் தொடங்கிய ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்; அதில் சுற்றுவட்டார உள்ளாட்சிகள் இடம்பெற்றன. கேள்வி கேட்பது, அறிக்கையைக் கேட்டு வாங்குவது, அதன் வேலை அவ்வளவுதான். ஒழுங்குமுறை அதிகாரம் கூட்டரசின் சுற்றுச்சூழல் முகமைக்கும் மாநிலச் சுகாதாரத் துறைக்குமே.

நிஜமாகக் கண்காணிக்க நினைப்பவர்கள் ஆலை வளாகத்து நீர் வெளியேறும் வால்நட், உமன் ஓடைகளின் நீர் அறிக்கையை எடுங்கள். புளூட்டோனிய வரம்பு லிட்டருக்கு 0.15 பிக்கோகியூரி. ஒப்பிடுவது சராசரியோடு என்பதால் ஒற்றை மாதிரி எகிறினாலே மீறல் ஆகிவிடாது. கூடவே உமன் ஓடைச் சரிவிலுள்ள பழைய குப்பைக்கிடங்கையும் பாருங்கள்: பெருமழைக்குச் சரிவு நழுவி, மூடாக்கு மண் விரிசல் விட்டு, செப்பனிட வேண்டிவந்த இடம் அது.